பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்

இந்தக் குளிர்காலத்திலும் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒரு நாய்க்குத் தோளில் அடி, சீசன் முடியும்வரை அது ஓட முடியாது. பனிப்புயல் எதுவும் அடிக்கவில்லை. நல்ல வெளிச்சம், காற்றே இல்லை, நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியும் நின்றுகொண்டுதான் இருந்தது. அதை ஓட்டிவந்த விருந்தினர் ஒரு காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து மனைவியைப் படம் பிடிக்கத் திரும்பினார். அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னார்: "நாய் எல்லாம் சும்மாதானே அண்ணா நின்னுச்சு?"

சும்மா நிற்கவில்லை. நீங்கள் நிறுத்தி வைத்திருந்தீர்கள். இந்த வித்தியாசம் புரியாததால்தான் எங்கள் தொழிலில் விபத்து நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் இதையே வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது வட நோர்வேயில், ஃபின்மார்க் மாகாணத்தின் அல்தா பக்கம். குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் ஸ்லெட் வண்டிப் பயணம், கோடையில் மலைநடை, மீன்பிடிப்பு என்று ஆட்களைக் கூட்டிப்போவது பிழைப்பு. இந்தக் கரையோர ஊர்களுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து குடியேறிய தமிழர்கள் உண்டு. அவர்களைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், லண்டன், டொரொண்டோ, சென்னையிலிருந்து துருவ ஒளி பார்க்க வருகிறவர்கள் என்று இப்போது தமிழ் பேசும் விருந்தினர்களும் கணிசமாக வருகிறார்கள். வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுகளை எப்படி ஓட வைக்கிறீங்க?"

சாட்டை வைத்திருக்கிறீர்களா, முன்னால் இறைச்சியைக் கட்டித் தொங்கவிடுவீர்களா, பட்டினி போடுவீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஓட்டுகிறவன் விரட்டினால் வண்டி போகும், விரட்டாவிட்டால் நிற்கும் என்பது அந்தக் கணக்கு. ஸ்லெட் நாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கவனமாகப் படியுங்கள். விரட்ட எங்களிடம் ஒரு கருவியும் கிடையாது. சாட்டை இல்லை, கடிவாளம் இல்லை. இடம், வலம் என்று திருப்ப வாய்வார்த்தை மட்டும்தான். அதுவும் முன்னால் ஓடும் ஒன்றிரண்டு தலைநாய்களுக்குத்தான் புரியும். மற்றவை அவற்றைப் பின்தொடரும். ஆனால் நிறுத்துவதற்கு என்னென்ன இருக்கிறது என்று வண்டியைச் சுற்றிப் பாருங்கள். பின்னால் இரும்புப் பற்கள் வைத்த பிரேக். வேகத்தைக் குறைக்க, காலால் மிதிக்கிற ரப்பர் பாய். பனியில் குத்தி மிதித்து இறக்குகிற இரட்டைப்பல் நங்கூரம். புறப்படும் இடத்தில் வண்டியைத் தூணோடு கட்டி வைக்கிற தடித்த கயிறு, ஒரே இழுப்பில் அவிழ்கிற கொக்கியோடு. ஒரு தொழிலின் சாமான் எல்லாம் நிறுத்துவதற்கென்றே செய்திருந்தால், அங்கே எது கஷ்டம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நாய்களைப் பூட்டுகிற நேரத்தில் வந்து நின்று பாருங்கள். மார்புப்பட்டியைக் கையில் எடுத்ததுமே கொட்டில் முழுக்க ஊளை. பூட்டியவை நாலு காலும் தரையை விட்டு எழும்பிக் குதிக்கும், முன்னால் பாயும், சில பொறுக்க முடியாமல் கயிற்றையே கடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தூண்கயிற்றை அவிழ்த்த மறுகணம் சத்தம் முழுக்க அடங்கிவிடும், ஓடத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். இந்த வெறி நாங்கள் ஊட்டியது அல்ல. எங்கள் கொட்டிலில் இருப்பவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி. இது பதிவேட்டில் உள்ள தனி இனம் அல்ல. ஓட்டமும் உழைப்பும் பசியும் நல்ல பாதமும் பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்த நாய். நீலக்கண்ணும் அடர்ந்த ரோமமும் எதிர்பார்த்து வருகிறவர்கள் "இது நாட்டு நாய் மாதிரில்ல இருக்கு" என்று முகம் சுளிப்பார்கள். 20, 25 கிலோதான் இருக்கும். இதே வகை நாய்கள்தான் ஒவ்வொரு மார்ச்சிலும் அல்தாவில் புறப்படும் ஃபின்மார்க் பந்தயத்தில் 1,200 கிலோமீட்டர் ஓடுகின்றன. அந்தப் பந்தயம் 1981 முதல் நடக்கிறது. நீங்கள் வருகிற இரண்டு மணி நேரப் பயணம் இவற்றுக்கு எம்மாத்திரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாவம், குளிராதா?" என்பது இரண்டாவது கேள்வி. குளிராது. உங்களுக்குத்தான் குளிரும். வெயில்தான் இவற்றுக்குப் பகை, அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, காலை எடுத்தால் என்ன ஆகும்? நாய்கள் உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்கள் விழுந்தீர்களா, வண்டியில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவும் செய்யாது. பாரம் குறைந்ததும் வேகம்தான் கூடும். காலி வண்டி வளைவில் கவிழ்ந்து மரத்தில் மோதும், அல்லது இறக்கத்தில் முன்னேறிக் கடைசி இரண்டு நாய்களின் பின்னங்காலில் இடிக்கும். கயிறு தொய்ந்து காலில் சுற்றும். பாதை குறுக்கே ரோடு இருந்தால் அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை. இன்னொன்று, இது இந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்கள் கலைமான் (ரெயின்டியர்) மேய்க்கும் நிலம். கட்டறுந்த நாய்க்கூட்டம் கலைமான் மந்தைக்குள் புகுந்தால் அது யாரோ ஒருவருடைய வருட வருமானத்துக்குள் புகுந்த மாதிரி. கலைமானைக் கண்டால் தேர்ந்த ஆட்களின் நாய்களே கட்டுக்கடங்காது. 1925-இல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது 20 பேர் கைமாற்றி ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரம் மருந்தைக் கொண்டுபோனார்களே, அந்த ஓட்டத்திலும் ஹென்றி இவனோஃப் என்பவரின் நாய்கள் ஷக்டூலிக் அருகே கலைமானைப் பார்த்துப் பாய்ந்து கயிறெல்லாம் சிக்கிக்கொண்டது. மருந்தை அவரிடமிருந்து வாங்கிப்போன லியோன்ஹார்ட் செப்பாலா இந்த வட நோர்வேயில் பிறந்தவர்தான். அந்த ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஓடிப் பெயர் வாங்கிய நாய் பால்ட்டோவைப் பற்றிக் கேட்பவர்கள் தயவுசெய்து செப்பாலாவின் தலைநாய் டோகோவைப் பற்றியும் கேளுங்கள். ஆகக் கூடுதல் தூரம் ஓடியது அதன் கூட்டம்தான்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறும். முன்பதிவு செய்யும்போது இதை யாரும் கேட்பதே இல்லை, துருவ ஒளி தெரியுமா என்று மட்டும் கேட்கிறார்கள்.

எங்கள் வருடம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. பனி இருக்காது, ஆனால் ராத்திரி ஓரளவு குளிர்ந்துவிடும். அப்போது நாலுசக்கர மோட்டார்வண்டியின் முன்னால் நாய்களைப் பூட்டிப் பயிற்சி கொடுக்கிறோம். முதலில் நாலைந்து கிலோமீட்டர், பிறகு மெல்ல மெல்ல ஏற்றுவோம். ஏன் அவ்வளவு கனமான வண்டி? வேறு எதையும் வைத்து அவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது, அதனால்தான். நவம்பரில் முதல் பனி விழும். விருந்தினர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு வருடத்திலேயே பயமான மாதம் அதுதான். கனவண்டியைவிட்டு லேசான ஸ்லெட்டுக்கு மாறியிருப்போம், நாய்கள் முழு உடல்வலுவோடு இருக்கும், பனியோ ஒரு சாண்கூட இருக்காது. நங்கூரம் பிடிக்க இறுகிய பனி வேண்டும். மெல்லிய பனியில் அது கல்லில் உரசிக்கொண்டு வந்துவிடும். அப்போது உங்கள் இரண்டு கால்தான் நங்கூரம். நாங்கள் "இன்றைக்குப் பயணம் இல்லை" என்று சொன்னால் வாதாடாதீர்கள். படத்தில் தரை வெள்ளையாகத் தெரிகிறது என்பது பனி போதும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை இங்கே சூரியன் எழாது. நண்பகலில் சில மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம், மற்றபடி நெற்றி விளக்குத்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் வருவது சரியாக இந்த இருட்டில். விளக்கை முன்னால் போகிற வழிகாட்டியின் கண்ணில் அடிக்காதீர்கள். ஃபெப்ரவரி, மார்ச்தான் நல்ல காலம் என்பேன். ஏப்ரலில் வெயில் ஏறும், காலையில் பாதை கண்ணாடிபோல் இறுகியிருக்கும், மதியம் குழையும். "அப்பாடா, இன்னைக்கு நாய்களுக்கும் சுகமா இருக்கும்" என்று விருந்தினர்கள் சந்தோஷப்படுகிற அந்த நாளில்தான் நாய்கள் திணறும். அவற்றுக்கு மைனஸ் 10, 15 சுகம். பூஜ்யத்துக்கு மேலே போனால் தூரத்தைக் குறைக்கிறோம், அடிக்கடி நிறுத்துகிறோம், பனியைக் கவ்வ விடுகிறோம். கட்டிய காசுக்குத் தூரம் குறைந்துவிட்டது என்று அன்று விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு என் வணக்கம். மே முதல் நாய்களுக்கு ஓய்வு, குட்டிகள், ரோமம் உதிர்தல். நாய்வண்டிக்கு விருந்தினர்கள் வருவது நாலைந்து மாதம், நாய்கள் சாப்பிடுவது பன்னிரண்டு மாதம். கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

வண்டி நிற்கும்போது இரண்டு காலும் பிரேக்கில். முழு எடையும் அதன்மேல். நங்கூரம் குத்தியிருந்தாலும் அப்படித்தான். வழிகாட்டி வந்து "இறங்கலாம்" என்று சொல்லும்வரை இறங்காதீர்கள். மூக்கு வடிந்தால் வடியட்டும். ஓடும்போது முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள், கைப்பிடியை எப்போதும் பிடித்திருங்கள். இறக்கத்தில் பாயை மிதித்து, கயிறு தொய்யாமல் பாருங்கள். ஏற்றத்தில் ஒரு காலால் உந்திக் கொடுங்கள், நாய்கள் திரும்பி உங்களைப் பார்க்கும், அது முறைப்புத்தான்! முன்வண்டிக்கு மிக அருகில் போகாதீர்கள். கவிழ்ந்தாலும் பிடியை விடாதீர்கள், கத்துங்கள். சாய்ந்த வண்டியும் இழுபடுகிற ஆளும் சேர்ந்தால் வேகம் தானாகக் குறையும், முன்னால் இருப்பவர் நிறுத்திவிடுவார். நேரே மரத்தில் மோதப் போகிறது என்றால் மட்டும் விடுங்கள். நாய்களை நாங்கள் தேடிக்கொள்கிறோம். போனை உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். எப்படியும் குளிரில் பேட்டரி செத்துவிடும்.

ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியனும் வேண்டாம். வியர்வையில் ஊறிய பருத்தி காயவே காயாது. உள்ளே கம்பளி, மேலே நாங்கள் கொடுக்கிற முழு உடுப்பு. அது அசிங்கமாக இருக்கிறது என்று தெரியும், போட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் 20-இல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றே இல்லாவிட்டாலும் முகத்தோலுக்கு அது மைனஸ் 30. நின்ற இடத்தில் ஒருவர் கன்னத்தை ஒருவர் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சூடான உள்ளங்கையால் மூடுங்கள். தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் மாமா உங்கள் குடும்பத்திலும் இருப்பார், அவரையும் தேய்க்க விடாதீர்கள். புறப்படும் முன் ஒரு பெக் போட்டுக்கொண்டு வந்தால் வண்டியில் ஏற்ற மாட்டேன், பேச்சே இல்லை.

சர்க்கரை உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஆட்களில் பலருக்கு இருக்கிறது, பலர் சொல்வதில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் விரல் உறைவது உங்களுக்குத் தெரியாது. வலித்தால்தானே சொல்லப் போகிறீர்கள்? இன்சுலின் உறைந்துபோனால் அதைப் பயன்படுத்த முடியாது, அதனால் முதுகுப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். முதுகு அறுவை சிகிச்சை, முழங்கால் வலி, கர்ப்பம், எதுவானாலும் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். யாரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்பதில்லை. நின்று ஓட்ட முடியாதவர்கள் உட்கார்ந்து வரலாம், கலைமான் தோல் விரித்து, காலைப் போர்த்தி உட்கார வைப்போம், நாங்கள் ஓட்டுவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்துதான் வர வேண்டும், "எங்க தம்பி சைக்கிள் நல்லா ஓட்டுவான்" என்று சிபாரிசு வேண்டாம்.

எடையையும் உண்மையாக எழுதுங்கள். நாங்கள் கேட்பது கேலி செய்ய அல்ல. ஒருவருக்கு நாலு நாயா, ஐந்தா, ஆறா என்று முந்தின இரவே முடிவு செய்கிறோம். பத்து கிலோவைக் கூட்டிச் சொன்னால் பிரேக்கில் நிற்க உங்களிடம் எடை போதாது. குறைத்துச் சொன்னால் ஏற்றத்தில் நீங்கள் இறங்கி ஓட வேண்டி வரும். அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள் அவர்களுடைய எடையையும் கேட்டு எழுதுங்கள், அம்மா சொல்கிற எண்ணோடு கொஞ்சம் சேர்த்தே எழுதுங்கள்.