வெண்கதிருக்கு மருந்து இல்லை

சம்பா வயலில் வெண்கதிர் தலைகாட்டியதும் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார்கள். மன்னார்குடிப் பக்கம் வயலாய்வுக்குப் போகும் வேளாண் அலுவலர் என்ற முறையில் நான் அதிகம் தடுப்பது இதைத்தான். விறைத்து நிற்கும் அந்தப் பதர்க்கதிரை இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் தண்டைக் குடைந்தது குருத்துப்பூச்சியின் புழு. மேலே அடிக்கும் மருந்து தண்டுக்குள் இருக்கும் அதை எட்டாது, பதரும் நெல்லாகாது.

தாய் அந்துப்பூச்சி மஞ்சள் நிறம். முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி. ஆண் சிறியது, வெளிர் பழுப்பு. இரவில் விளக்கைத் தேடி வரும் இந்தப் பூச்சிகள் பயிரைக் கடிப்பதே இல்லை. இலை நுனியருகே குவியலாக முட்டையிட்டு, தன் வயிற்று ரோமத்தாலேயே தாய் மூடிவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரியும் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த தூருக்குப் போகும். சில, இலைத்துண்டைச் சுருட்டி அதற்குள் இருந்தபடி தண்ணீரில் மிதந்தும் போகும். தண்டுக்குள் நுழைந்துவிட்டால் நம் கை ஓங்காது.

ஆகவே முட்டையைப் பாருங்கள். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளுவது வீண் வேலையல்ல. முட்டைகள் அதோடு போய்விடும். (நேரடி விதைப்பில் இந்த வசதி கிடையாது.) சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் தென்பட்டால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இளம்பயிரில் ஓரிரு குருத்து காய்ந்தால் பதறாதீர்கள். பயிர் புதுத்தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும்.

அவசர மருந்து யாரைக் கொல்கிறது தெரியுமா? டெலனோமஸ் என்றொரு கறுப்புக் குளவி, எறும்பைவிடப் பொடிசு. தாய்ப்பூச்சியின் வால்புற ரோமத்தில் டிக்கெட் இல்லாப் பயணியாகத் தொற்றிக்கொள்ளும். முட்டை விழ விழ, ரோமம் மூடும் முன்பே, ஒவ்வொன்றுக்குள்ளும் தன் முட்டையைச் செலுத்திவிடும். இப்படியொரு ஆளைச் சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டு நாமே விஷம் வைக்கிறோம். டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்ற இன்னொரு முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் முட்டை அட்டையை ஏக்கருக்கு 2 சிசி (கன சென்டிமீட்டர்) வீதம், நட்ட 30, 37ஆம் நாட்களில் கட்டுபவர்களும், அதையொட்டி மருந்து அடித்தால் செலவு வீண்தான்.

குருத்துப்பூச்சி பெரும்பாலும் நெல்லையே நம்பி வாழ்வது. குறுவைக்குப் பின் தாளடி என்று அடுத்தடுத்து நெல்லே போட்டால் அதற்குப் பந்தி ஓய்வதில்லை. குறுவை அறுத்ததும் தாளை மடக்கி உழுது தண்ணீர் கட்டுங்கள். தாளின் அடியில் தங்கிய புழுவும் கூட்டுப்புழுவும் அங்கேயே அழுகிப்போகும்.