நெல் பூக்கும் வாரத்தில் காலை மருந்து வேண்டாம்

"சார், பூவெல்லாம் கொட்டுது. என்ன மருந்து அடிக்கலாம்?" சொர்ணவாரிப் பட்டத்தில், அதாவது கோடையில் விதைக்கும் நெல் பருவத்தில், கதிர் வெளியே வந்ததும் எனக்கு வரும் முதல் கேள்வி இதுதான். வேளாண் அலுவலராக வயலில் இறங்கும்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். கதிரில் வெண்மஞ்சளாகத் தொங்குவது பூ இல்லை, மகரந்தப்பை. தூளை உதிர்த்து அதன் வேலை முடிந்துவிட்டது. அது காய்ந்து விழுவதால் ஒரு நெல்மணிகூடக் குறையாது. அதைத் தடுக்க அடிக்கிற மருந்துதான் மணியைக் குறைக்கும்.

நெல்லின் பூ உமிக்குள் இருக்கிறது. ஆறு மகரந்தத் தாள்கள், நடுவில் மணியாக வளரப்போகும் ஒரு சூலகம், அதன் தலையில் மகரந்தத்தைப் பிடிக்க இறகு மாதிரி இரண்டு சூல்முடிகள். அடியில் இரண்டு குட்டிச் செதில்கள். காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏறும்போது இந்தச் செதில்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, உமியை நெம்பித் திறக்கும். பூக்கும் சமயத்தில் வயலைக் காயப்போடாதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுமார் ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். அந்தப் பூ அப்புறம் திறக்காது. மகரந்தத் துகளுக்கோ சில நிமிட ஆயுள்தான்.

அந்தச் சில நிமிடங்களில் சூல்முடியில் ஒட்டிய துகள் முளைத்து, நூல் போன்ற குழாயை உள்ளே இறக்குகிறது. அதன் வழியே இரண்டு ஆண் செல்கள் சூலுக்குள் போகின்றன. ஒன்று அண்ட செல்லோடு சேர்ந்து கருவாகிறது, நாளைக்கு நாற்றாக எழப்போவது அதுதான். இன்னொன்று பக்கத்திலுள்ள பெரிய நடுச்செல்லின் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் கருவூண் ஆகிறது. நெல்லின் அண்ட செல்லில் 12 குரோமோசோம், கருவில் 24, கருவூணில் 36. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் லில்லிச் செடிகளில் கண்டு சொன்னவர் நவாஷின் என்ற ரஷ்ய அறிஞர். நம் தட்டில் விழும் சோறு முழுக்க அந்த இரண்டாவது சேர்க்கைதான். தீட்டிய அரிசியின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும், பாருங்கள். கரு உடைந்து தவிட்டோடு போன இடம் அது.

கருவூணின் உட்கரு முதலில் செல்சுவர் எழுப்பாமலே பெருகும். இளநீரும் அப்படித் திரவமாக இருக்கும் கருவூண்தான். நெல்லில் மூன்று நான்கு நாளில் சுவர்கள் எழும்பி, பிறகு மாவு சேரும். நகத்தால் அழுத்தினால் பால் வரும் பருவம் அது.

சரி, அரிசி பிடிக்காத பதர் எங்கிருந்து வருகிறது? உமியை ஊசியால் பிரித்துப் பாருங்கள். உள்ளே சுருங்கிய துளியாகச் சூலகம் மட்டும் கிடந்தால் கருவுறுதலே நடக்கவில்லை. தட்டையாக அரைகுறை அரிசி இருந்தால் கருவுற்ற பிறகு உணவு போதாமல் நின்றிருக்கிறது. உமியில் பழுப்புப் புள்ளி இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சியிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

ஒரு வயலில் பாதிக்கு மேல் முதல் வகைப் பதர். எத்தனை மணிக்கு மருந்து அடித்தீர்கள் என்று கேட்டேன். "பத்து மணிங்க, வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு." திறந்த உமிக்குள் தெளிப்பு நீர் புகுந்தால் மகரந்தத் துகள் அதை உறிஞ்சி வெடித்துவிடும். அந்த வாரம் வெயிலும் கடுமை. பூ திறந்திருக்கும்போது 35 டிகிரியைத் தாண்டினாலே மலட்டு மணிகள் கூடும். எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெயில் நம் கையில் இல்லை, தெளிக்கும் நேரம் இருக்கிறது.

ஒரு கதிர் மேலிருந்து கீழாகப் பூத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த நாட்களில் காலை 9 முதல் மதியம் 1 வரை ஸ்பிரேயரைத் தொட வேண்டாம். பூச்சி நிஜமாகவே இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள். பதர்க் கதிரோடு எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கதிர் வந்த தேதியையும் மருந்தடித்த நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள்.