போடோனி அழகுதான், ஆனால் எந்த அளவில்?

வாடிக்கையாளர் “கொஞ்சம் ரிச்சாக இருக்கட்டும்” என்றதும் டிசைனரின் கை பெரும்பாலும் போடோனி, டிடோ என்ற ஆங்கில ஃபான்ட்களில் ஒன்றுக்குப் போகும். தேர்வில் தப்பில்லை. நகைப் பெட்டி, வாசனைத் திரவியம், ஃபேஷன் இதழின் அட்டை, கச்சேரி அழைப்பிதழ் என்று எங்கே போட்டாலும் அந்த எழுத்துகளுக்கு ஒரு மிடுக்கு உண்டு. தலைப்புக்கென்று வரைந்த அதே ஃபான்ட்டைச் சுருக்கி முகவரிக்கும் விலைக்கும் போடும்போதுதான் வேலை கெடுகிறது.

இத்தாலியின் பார்மாவில் டியூக்கின் அச்சகத்தை 1768 முதல் நடத்தியவர் ஜியாம்பட்டிஸ்டா போடோனி. பாரிஸில் ஏறக்குறைய அதே காலத்தில் டிடோ குடும்பத்தினர் இதே வழியில் எழுத்து வெட்டினார்கள். நேர்நின்ற தடித்த தண்டு, அதன் மேலும் கீழும் மயிரிழை போன்ற செரிஃப் (முனையில் வரும் சிறு குறுக்குக் கோடு), ‘a’, ‘c’, ‘r’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் முனையில் உருண்டைப் பொட்டு: இவைதான் இந்த வகையின் அடையாளம். டிடோவில் செரிஃப் தண்டைத் தட்டையாக முட்டும். போடோனி வெட்டிய எழுத்துகளில் அந்தச் சந்திப்பு சற்றே குழைந்திருக்கும்.

ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவும் தனியாக வெட்டப்பட்டது. சின்ன அளவில் மெல்லிய கோட்டைத் தடிப்பாக்கி, இடைவெளியையும் கூட்டி வெட்டினார்கள். கணினியில் ஒரே வடிவத்தை எல்லா அளவுக்கும் இழுத்துச் சுருக்குகிறோம். தண்டு தாங்கிக்கொள்ளும், மயிரிழை தாங்காது.

கையிலுள்ள ஃபான்ட் எவ்வளவு மெல்லியது என்று அளந்துவிடலாம். ‘H’ என்ற ஆங்கிலப் பேரெழுத்தை 1000 பாயின்ட்டில் வைத்து, அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றி, குறுக்குக் கோட்டின் கனத்தைப் பாருங்கள். 15 பாயின்ட் என்று வந்தால், 9 பாயின்ட் எழுத்தில் அந்தக் கோடு 0.135 பாயின்ட். அச்சில் 0.25 பாயின்ட்டுக்குக் குறைந்த கோடு வேண்டாம் என்பது பொதுவான வழக்கம். அந்தக் கணக்கில் இந்த ஃபான்ட்டை 17 பாயின்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அதாவது ரிவர்ஸ் என்றால் 0.5 பாயின்ட் வேண்டும், அதாவது சுமார் 34 பாயின்ட்.

ரிவர்ஸில் இவ்வளவு கூடுதல் கேட்கக் காரணம் இருக்கிறது. மை பரவி வெள்ளைக் கோட்டை இரண்டு பக்கமிருந்தும் அடைக்கும். கறுப்பை நான்கு மையாலும் கட்டியிருந்தால் இன்னும் மோசம்: ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, 0.1 மில்லிமீட்டர் விலகினாலே அது 0.28 பாயின்ட், 9 பாயின்ட் எழுத்திலுள்ள நம் கோட்டைப் போல இரண்டு மடங்கு. எழுத்து துண்டுதுண்டாகத் தெரியும். சின்ன ரிவர்ஸ் எழுத்து தவிர்க்க முடியாததென்றால் பின்னணியை ஒற்றைக் கறுப்பிலோ ஒரே ஸ்பாட் கலரிலோ (தனியாகக் கலந்த ஒற்றை மை) வையுங்கள்.

எழுத்து மெலிந்து போனால் பலர் செய்யும் வைத்தியம் இரண்டு, இரண்டுமே தோற்கும். போல்டுக்கு மாற்றினால் தண்டுதான் பருக்கும், மயிரிழை பெரும்பாலும் அப்படியே நிற்கும். எழுத்தைச் சுற்றி ஸ்ட்ரோக் (வெளிக்கோடு) போட்டால் ஆங்கில ‘e’ எழுத்தின் கண், அதாவது உள்ளிருக்கும் சிறு வெளி, அடைபட்டு, கூரிய மூலைகள் மழுங்கி, போடோனி என்பதே மறைந்துவிடும். சின்ன அளவுக்கென்று வரைந்த வடிவத்தை எடுப்பதுதான் சரி. 1994-இல் ஐடிசி என்ற ஃபான்ட் நிறுவனம் வெளியிட்ட ஐடிசி போடோனியில் 6, 12, 72 பாயின்ட்டுக்கென்று மூன்று வடிவங்கள் உண்டு. ஹார்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹோஃப்லர் வரைந்த டிடோ 6 முதல் 96 வரை ஏழு அளவுகளில் கிடைக்கிறது. இலவசமாக வேண்டுமென்றால் போடோனி மோடா. அது வேரியபிள் ஃபான்ட்; அளவுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றும் ஆப்டிகல் சைஸ் ஆக்சிஸ் உள்ளேயே இருக்கிறது. ஆனால் இணையத்தில் எம்பெட் குறியீட்டை எடுக்கும்போது அந்த ஆக்சிஸையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விட்டுவிட்டால் எல்லா அளவுக்கும் ஒரே வடிவம்தான் வரும்.

திரையில் கணக்கு வேறு மாதிரி. அதே 15 அலகுக் கோடு 16 பிக்சல் எழுத்தில் கால் பிக்சல்கூட இல்லை. சாதாரண டிஸ்ப்ளே அதை வெளிர் சாம்பலாகக் காட்டும். நிறக் குறியீட்டில் சுத்தக் கறுப்பு கொடுத்திருப்பீர்கள், கான்ட்ராஸ்ட் சோதனையும் பாஸ் ஆகும்; படிப்பவர் கண்ணுக்கு வரிசையாகத் தண்டுகள் மட்டும் தெரியும். அதிக அடர்த்தியுள்ள ஃபோன் திரையில் டிசைனைப் பார்த்து ஒப்புதல் வாங்குவது ஆபத்து என்பது இதனால்தான். பத்திகளுக்கு வேறொரு அமைதியான ஃபான்ட் போடுங்கள், இதைத் தலைப்போடு நிறுத்துங்கள்.

பெரிய அளவில் இடைவெளியைச் சற்று இறுக்கலாம், ஆனால் பக்கத்துப் பக்கத்துச் செரிஃப்கள் முட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். முழுப் பேரெழுத்து என்றால் மாறாகத் தளர்த்த வேண்டும். ஃபாயில், எம்பிராய்டரி, வினைல் கட்டிங் எதுவானாலும் எவ்வளவு மெல்லிய கோடு வரை நிற்கும் என்று செய்பவரிடம் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். எம்பிராய்டரிக்கு இந்த வகையை நான் பரிந்துரைப்பதே இல்லை.

ஐடிசி போடோனி, போடோனி மோடா இரண்டிலும் தமிழ் எழுத்து கிடையாது. தமிழில் தட்டினால் மென்பொருள் சத்தமில்லாமல் கையிலுள்ள வேறொரு ஃபான்ட்டைப் போட்டுவிடும், அது ஒவ்வொரு கணினியிலும் வேறாக இருக்கலாம். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றை நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் ஒரே பாயின்ட் கொடுத்துவிட்டு விடாமல், அச்செடுத்துக் கையில் வைத்துப் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள்.