நச்சு ஆண்மையா, ஆண்பாங்கா?

வெள்ளவத்தையில் பதினைந்து வயதுக்குட்பட்ட துடுப்பாட்ட அணியொன்றுக்கு நடந்த பால்நிலைப் பயிலரங்கில், திரையில் ‘நச்சு ஆண்மை’ என்ற தலைப்பைக் கண்ட பையன் ஒருவன், “நச்செண்டு இருக்கிற ஆண்மையோ சேர்?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பிழை அவனுடையதன்று, ‘டொக்சிக் மஸ்குலினிட்டி’ என்ற ஆங்கிலத் தொடரை அப்படி மொழிபெயர்த்தவருடையது.

மஸ்குலினிட்டி என்பது ஆணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சமூகவியலில் அது, ஆணென்றால் இப்படித்தான் நடக்கவேண்டும், பேசவேண்டும் என்று ஒரு சமூகம் வகுத்துவைத்திருப்பதைச் சுட்டுகிறது. அவுஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கொனல் அதைப் பன்மையில் ஆண்டதும், வகைகள் பலவென்றும் அவற்றுள் ஒன்று ஏனையவற்றை அடக்கிவைக்கிறது என்றும் காட்டத்தான்.

ஆண்மையோ புகழ்ச்சொல். ஆண் என்பதிலிருந்து வந்த ஆண்மையும், ஆள் என்பதோடு மை சேர்ந்து பிறந்த ஆண்மையும் அதில் கலந்துள்ளன. வேளாண்மை, தாளாண்மை, தமிழ்நாட்டாரின் மேலாண்மை ஆகியவை பின்னதன் வழிவந்தவை. (இலங்கையில் நாம் அதையே முகாமைத்துவம் என்று வடமொழி வாலொன்றைச் சேர்த்துக்கொண்டு திருப்திப்படுகிறோம்.) பிறன்மனை நோக்காமையை வள்ளுவர் பேராண்மை என்கிறார், 773ஆம் குறளிலோ பகைவனுக்கு அஞ்சாமை பேராண்மை, அவனுக்கு இடர் வந்தபோது உதவுவது அதன் கூர்மை. எதிரணிக்காரன் விழுந்தால் கைகொடுத்துத் தூக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? அதன் தலையில் நஞ்சை ஏற்றுவது ‘நச்சு அறம்’ என்பதைப் போன்றது.

தொல்காப்பியத்தில் ‘ஆண்மை திரிந்த’ என்னும் இடத்தில் அது வெறும் ஆணாயிருத்தலைத்தானே குறிக்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் இந்தப் பையன் அச்சொல்லைப் படித்தது பஸ் தரிப்பிடச் சுவரில் ஒட்டிய ‘ஆண்மைக் குறைவு’ விளம்பரத்தில்.

சிலர் முன்வைக்கும் ‘ஆணியல்பு’ இன்னும் மோசம். “பொம்பிளைப்பிள்ளை மாதிரி எறியாதை!” என்று பயிற்றுநர் நாள்தோறும் கத்திக் கற்பிப்பது எப்படி இயல்பாகும்? கருத்துக்கு நேரெதிரான சொல்லைக் கருத்தின் பெயராக்கும் துணிவு, ஆங்கிலத் தாளை முதல்நாள் இரவு பெற்று விடியுமுன் தமிழாக்கித் தரும் நம் மொழிபெயர்ப்பாளருக்கே உண்டு.

நான் ‘ஆண்பாங்கு’ என்பேன். மனப்பாங்கு, செயற்பாங்கு என்று பாடசாலையில் ஏற்கெனவே புழங்கும் பாங்குதான்: பழகி வருவது, மாற்றத்தக்கது, ‘ஆண்பாங்குகள்’ என்று பன்மையும் ஏற்பது. முதற்பந்திலேயே ஆட்டமிழந்து வந்தவன் கையுறையால் கண்ணீரைத் துடைத்து அதை வியர்வை என்று சொன்னால், அவன் காட்டியது ஆண்மையுமன்று, ஆணியல்புமன்று. கற்றுக்கொண்ட ஓர் ஆண்பாங்கு.