குளுட்டமேட் வந்தாலும் மெக்னீசியம் விலக வேண்டும்

அஜினோமோட்டோவில் இருப்பதும் குளுட்டமேட், மூளையில் நரம்பணுக்கள் சேதி கடத்துவதும் குளுட்டமேட்டால். அப்படியென்றால் ஃப்ரைட் ரைஸ் தின்றால் மூளை கெட்டுப்போகுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கெடாது. சாப்பாட்டில் வரும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரித்துத் தீர்த்துவிடுகிறது. மிச்சம் ரத்தத்தில் கலந்தாலும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு அதை லேசில் உள்ளே விடுவதில்லை. தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட அது இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு அது செய்கிற வேலைதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு நரம்பணு குளுட்டமேட்டைக் கக்கும், சிறு இடைவெளியைத் தாண்டி அடுத்த நரம்பணுவின் ஏற்பிகளில், அதாவது சேதியை வாங்கும் துளையுள்ள புரதங்களில், அது ஒட்டும். பள்ளிப் பாடம்தான். அந்த ஏற்பிகளில் முக்கியமானவை இரண்டு வகை. ஆம்பா என்பது வெள்ளந்தி: குளுட்டமேட் ஒட்டியதும் திறந்து சோடியத்தை உள்ளே விட்டுவிடும். இன்னொன்று என்எம்டிஏ. அது அழுத்தக்காரன்.

சும்மா இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையோடு இருக்கும். வெளியே உள்ள நீரில் மிதக்கும் மெக்னீசிய அயனிக்கு இரட்டை நேர்மின்சுமை. உள்ளிருந்து இழுக்கும் இழுப்பில் அது என்எம்டிஏ துளைக்குள் பாதி தூரம் போய் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அப்போது குளுட்டமேட் வந்து ஒட்டினாலும், கூடவே தேவைப்படும் கிளைசீன் ஒட்டினாலும், ஏற்பி திறக்கும், ஆனால் துளை அடைபட்டே கிடக்கும். பக்கத்து ஆம்பாக்கள் வழியே போதுமான சோடியம் நுழைந்து உட்புறத்தின் எதிர்மின் தன்மை குறைந்தால்தான் மெக்னீசியத்தைப் பிடித்திழுக்கும் விசை தளரும். அது வெளியே நழுவும், கால்சியம் உள்ளே பாயும். மேலாளர் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தான் வங்கி லாக்கர் திறக்குமே, அதே ஏற்பாடு. சேதி அனுப்பியவனும் வாங்கியவனும் ஒரே சமயத்தில் விழித்திருந்தார்கள் என்பதை ஒரே ஒரு மூலக்கூறு கண்டுபிடித்துவிடுகிறது! அந்தக் கால்சியம் கிளப்பும் நொதிகள் அந்த இணைப்பில் ஆம்பாக்களைக் கூட்டுகின்றன. அடுத்த முறை அதே சேதி இன்னும் பலமாகக் கேட்கும். நாம் கற்றுக்கொள்வதற்கு அடிப்படை இதுதான் என்று பலரும் கருதுகிறார்கள்.

1984-இல் பாரிசிலும் அமெரிக்காவின் மேரிலாந்திலும் இருந்த இரண்டு குழுக்கள் இந்த மெக்னீசிய அடைப்பைத் தனித்தனியாகக் கண்டறிந்தன. வளர்ப்புத் தட்டில் இருந்த எலி நரம்பணுக்களைச் சுற்றியுள்ள கரைசலிலிருந்து மெக்னீசியத்தை நீக்கியதும் துளையில் மின்னோட்டம் தாராளமாக ஓடியது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் நம் ஊர்க் குழு எதிரே அவர்கள் உட்கார்ந்திருந்தால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற கேள்விக்குத் திருதிருவென விழித்திருப்பார்கள்.

என்எம்டிஏ ஏற்பி நரம்பணுவின் மேலுறையான சவ்வில் இருந்தால் மட்டும் போதாது, சரியான இடத்தில் நிலைத்திருக்கவும் வேண்டும். அதன் வால் முனையிலுள்ள சில அமினோ அமிலங்கள் பிஎஸ்டி-95 என்ற புரதத்தின் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரக் குழு ஒன்று 1995-இல் ஈஸ்ட் செல்களைக் கொண்டு இந்தப் பிணைப்பைக் காட்டியது. கால்சியத்தால் கிளம்பும் நொதிகள் சில அதே புரதக் கூட்டத்தில் பக்கத்திலேயே இருப்பதால் உள்ளே வரும் கால்சியம் வீணாவதில்லை. சவ்வின் வெளிப்புறத்திலும் பிடிமானம் உண்டு. எஃப்பி2 என்ற புரதம் ஏற்பியோடு ஒட்டி நின்று அதை இடத்தில் வைத்திருக்கிறது.

அந்தப் பிடி விட்டால் என்ன ஆகும்? 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹோசப் டால்மாவின் குழு 12 பெண்களுக்கு வந்த ஒரு மூளை நோயைப் பற்றி எழுதியது. பெரும்பாலோருக்குச் சினைப்பையில் கட்டி, அதற்குள் நரம்புத் திசு. அதை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்புரதம் மூளைக்கும் போய் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குகிறது. எஃப்பி2-வின் பிடி தளர்கிறது, ஏற்பிகள் சவ்விலிருந்து செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடுகின்றன. இதே துளையை அடைக்கும் கெட்டமின் என்ற மயக்க மருந்து மாயத்தோற்றங்களை உண்டாக்குவது மருத்துவர்களுக்குப் பழைய சங்கதி. இந்த நோயிலும் அப்படித்தான். முதலில் காய்ச்சல், தலைவலி. அப்புறம் தூக்கமின்மை, தனியே பேசுவது, வாயும் முகமும் தானாகக் கோணுவது, வலிப்பு.

இந்தப் பட்டியலைப் படித்ததும் நம்மில் பாதிப்பேருக்கு எந்தக் கோயில், எந்தப் பூசாரி என்பதுதான் முதலில் தோன்றும். வேப்பிலை அடிக்கும் ஒவ்வொரு வாரமும் சிகிச்சை தள்ளிப்போகிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது. ஏனென்றால் இது தீர்க்கக்கூடிய நோய். தண்டுவட நீரைப் பரிசோதித்தால் எதிர்ப்புரதம் தெரிந்துவிடும். கட்டி இருந்தால் அகற்றி, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். கட்டியே இல்லாமலும், ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட இது வரும். அதுவரை நன்றாக இருந்த ஒருவர் சில நாட்களில் அடியோடு மாறி, கூடவே வலிப்பும் வந்தால், முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.