பாரம் ஏற்றினால் சைக்கிள் ஏன் தள்ளாடுகிறது?

கேரியரில் 25 கிலோ மூட்டையைக் கட்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: மிதிப்பதைவிட, புறப்படும்போது ஹேண்டில்பாரை அடக்குவதுதான் பெரும்பாடு.

சைக்கிள் நேராக ஓடுவதே இல்லை. ஓயாமல் ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கமே முன்சக்கரத்தைத் திருப்பி, சக்கரங்களை மறுபடியும் எடைக்கு அடியில் கொண்டுவருகிறோம். சக்கரம் சுழல்வதால்தான் விழாமல் நிற்கிறது என்பது முழு உண்மை அல்ல. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தச் சுழற்சி விளைவை எதிர்ச்சுழற்சியால் ரத்து செய்து ஒரு சைக்கிளை உருட்டிவிட்டார்கள். ஆளே இல்லாமல் அது தானாகச் சமாளித்து ஓடியது. ஆக, முன்சக்கரம் சரியான நேரத்தில் திரும்புவதே முக்கியம். பாரம் கெடுப்பதும் அதைத்தான்.

முதலில் உயரம். உள்ளங்கையில் பென்சிலை நிறுத்த முடியாது, நீளமான கம்பை நிறுத்தலாம். உயரமானது மெதுவாகச் சாய்வதால் கைக்கு அவகாசம் கிடைக்கிறது. அதனால் ஓடும்போது உயரமான பாரம் அவ்வளவு மோசமில்லை. நின்றால்தான் வினை! அதே சாய்வில், இருமடங்கு உயரத்தில் உள்ள பாரம் இருமடங்கு திருப்புவிசையோடு இழுக்கும். அப்போது திருப்பிச் சமாளிக்க வேகம் இல்லை. தரையில் ஊன்றிய ஒற்றைக் காலே எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

அப்புறம் இடம். பாரம் பின் அச்சுக்கும் பின்னால் போனால் சீசா பலகை மாதிரி முன்பக்கம் தூக்கும். முன்சக்கரத்தின் மேல் எடை குறைய, பிடிமானமும் குறையும். ஹேண்டில்பார் லேசாகி அலைபாயும். ஹேண்டில்பாரிலேயே பாரத்தைத் தொங்கவிட்டால் நேர்மாறு: திருப்ப வலு வேண்டும், திரும்பியதை நிறுத்தவும் வலு வேண்டும். முன்கூடையைச் சட்டகத்தோடு பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. சரக்குக்கென்றே செய்த நீளமான சைக்கிள்களில் பின்சக்கரத்தைத் தள்ளி வைப்பதும், பாரம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உட்காரத்தான்.

பிரேக் கணக்கு எளிது. ஆளும் வண்டியுமாக 90 கிலோ, பாரம் 45 கிலோ என்றால், அதே வேகத்தில் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்கு. பிரேக் தரும் விசை மாறாவிட்டால் நிற்கும் தூரமும் ஒன்றரை மடங்கு.

எனக்கு மிகவும் கவலை தருவது இறக்கத்தில் வரும் நடுக்கம். பின்பாரம் சட்டகத்தை முறுக்க, அது திரும்ப வர, அந்த ஆட்டமும் ஹேண்டில்பாரின் ஆட்டமும் ஒன்றையொன்று தூண்டிப் பெருகும். கயிறு தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். அப்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கால்களால் நடுக்கம்பியை அழுத்திப் பிடித்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள்.