ஜெனரேட்டர் அறைக்கு ஸ்பாஞ்சு ஒட்டாதீர்கள்

சென்ற வாரம் கீழக்கரைக்கு அருகே ஒரு கல்யாண மகாலின் ஜெனரேட்டர் அறையைத் திறந்தேன். நான்கு சுவர்களிலும் ஸ்பாஞ்சு, கூரையில் முட்டை அட்டை, வெப்பக் காற்று வெளியேற வேண்டிய ஜன்னலில் தெர்மோகோல் அடைப்பு. மண்டபம் முதல் தொண்டி வரை இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஐந்தாவது அறை இது. பக்கத்து வீட்டாரின் புகாரோ அப்படியே இருக்கிறது.

ஸ்பாஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். சுவரைத் தாண்டிச் செல்லும் சத்தத்தைத் தடுக்காது. உறிஞ்சிக்கொள்வதற்குச் சத்தம் ஒன்றும் தண்ணீர் அல்ல. ஸ்பாஞ்சை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபுறம் வருகிறதென்றால் சத்தமும் வரும். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் உறுமல் 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 அதிர்வை, ஒட்டியது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். ஸ்பாஞ்சு போன்ற பொருள் அதை நன்றாகத் தணிக்க வேண்டுமானால் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது ஒன்றே முக்கால் மீட்டர் தடிமன் வேண்டும். நீங்கள் ஒட்டியிருப்பது இரண்டு அங்குலம். முட்டை அட்டையைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது 'மெட்டாமெட்டீரியல் பலகை எல்லாச் சத்தத்தையும் நிறுத்துமாமே' என்று கைபேசியைக் காட்டுகிறார்கள். பொருளின் தன்மையைவிட, உள்ளே அடுக்கிய சிறு அமைப்புகளால் ஒலியைத் தடுப்பதே மெட்டாமெட்டீரியல். 2000ஆம் ஆண்டில் ஹாங்காங் ஆய்வாளர்கள் ஒரு சென்டிமீட்டர் ஈயக் குண்டுகளுக்குச் சிலிக்கோன் ரப்பர் உறை போட்டு, எப்பாக்சிப் பிசினில் பதித்து, அலைநீளத்தைவிட மிகச் சிறிய அமைப்பாலும் ஒலியைத் தடுக்கலாம் என்று காட்டியது உண்மைதான். ஆனால் அது தடுத்தது 400 ஹெர்ட்ஸை ஒட்டியும் 1400 ஹெர்ட்ஸை ஒட்டியும் உள்ள குறுகிய பட்டைகளை மட்டுமே. எந்தச் சுருதிக்குச் செய்தோமோ அந்தச் சுருதிக்குத்தான் இத்தகைய பலகை வேலை செய்யும்.

எங்கள் பட்டறையில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 40 மில்லிமீட்டர் துளையிட்டு, பின்னால் 30 லிட்டர் கொள்ளும் அடைத்த பெட்டி வைத்தால் 50 ஹெர்ட்ஸுக்கு அருகே உள்ள சத்தத்தை அது பிடிக்கிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதும்போது எழும் ஒலியும் இதே கணக்குத்தான். பெட்டியின் மூட்டில் கசிவு ஏற்பட்டால் கணக்கு கெடும். இந்த உப்புக்காற்றில் இரும்பு ஆணி அடித்த மூட்டு இரண்டு வாடைக் காலத்தைத் தாங்குவதில்லை என்பதால் நாங்கள் துருப்பிடிக்காத எஃகு திருகும் பசையும் சேர்த்தே பூட்டுகிறோம். ஓரிடத்தில், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் 'பூச்சி அடையும்' என்று எல்லாத் துளைகளையும் பட்டி பார்த்து மூடிவிட்டார்.

ஆகவே முதலில் அளக்கச் சொல்லுங்கள், பிறகு வாங்குங்கள். எந்த ஹெர்ட்ஸுக்குச் செய்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் பலகை வாங்காதீர்கள். கதவு இடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு கனமானாலும் சத்தம் 20 டெசிபெலுக்கு மேல் குறையாது. ஆனால் காற்று வழியை அடைக்காதீர்கள். உட்புறம் பஞ்சு பதித்த வளைந்த குழல் வழியாகக் காற்றை வெளியே விடுங்கள். ஒட்டிய ஸ்பாஞ்சைத் தயவுசெய்து இன்றைக்கே பிய்த்தெறியுங்கள். அது பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்; எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் ஆகிய நச்சு வாயுக்கள் வெளிவரும். அந்த அறைக்கு வெளியேதான் சமையல்காரர்கள் இரவில் பாய் விரிக்கிறார்கள்.

குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபெல். அளக்க நாங்கள் வரும் நாளில் மகாலின் ஏசி முழுவதையும் ஓடவிட்டு வையுங்கள். சுமையில்லாமல் ஓடும் ஜெனரேட்டரை அளந்து பயனில்லை.